உலகத்திலேயே ஒரே ஒரு மேற்கோள்

ஹைதராபாத் தார்நாகா முக்கில் இருக்கும் ஈரானி டீக்கடையில் அன்று டீ குடிக்க வந்தவர்களைவிட மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் அதிகம். பிரசூனா வாசலில் நின்று கண்ணைச் சுழற்றினாள். ஒரே ஒரு நாற்காலி காலி. அதற்கு எதிரே ஒருவன், தட்டு நிறைய உஸ்மானியா பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, உலகத்தையே வாங்கிவிட்டவன் போல உட்கார்ந்திருந்தான்.

"இங்க உட்காரலாமா?"

"ஆய்... தாராளமா உட்காருங்கண்டி!"

கோதாவரிக்காரன்! அந்தப் பக்கத்து ஆட்கள் பேச்சுக்குப் பேச்சு போடும் அந்த 'ஆய்' ஒன்று போதுமே... ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா? உதட்டைக் கடித்துக்கொண்டு குடையை மேஜையோரம் சாய்த்தாள். அங்கேதான் வந்தது வினை. குடையிலிருந்து வழிந்த தண்ணீர் நேராக அவன் காகிதங்களின் மேல்!

"அய்யய்யோ! என் பேப்பர்... என் பேப்பர்!"

"சாரி, சாரி! பார்க்கல..."

"நாளைக்கு இன்டர்வியூங்க! பதவி உயர்வு! என்கிட்ட இருக்கற ஒரே நகை இந்தக் கட்டுரைதான், அதையும் குளிப்பாட்டிட்டீங்களே!"

கோபித்துக்கொள்கிறானா, விளையாடுகிறானா? நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்கள்... மழையில் நனைந்த இமை... அந்தக் கண்ணுக்குக் கோபப்படவே தெரியாது போலிருந்தது. 'என்ன பார்வைடி இது, கீழே பாரு' என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு, கைக்குட்டையால் அந்தத் தாளை ஒற்றினாள். ஒற்றும்போதே தலைப்பு கண்ணில் பட்டது. தலைப்புக்குக் கீழே பெயர்... பண்டாரு வம்சிதர், காக்கிநாடா.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அவனோ பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கொட்டித் தீர்த்தான். "காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கறேங்க. காசநோய் மருந்துக்கு அடிப்படையா ஒரு பொருள் இருக்கு. எல்லாரும் அஞ்சாறு படியில சுத்தி வளைச்சு செய்வாங்க, நான் ஒரே படியில செஞ்சேன். ஆனா யாரு கண்டுக்கறாங்க? இப்ப எல்லாரும் புற்றுநோய் பின்னாடிதான் ஓடறாங்க. காசநோய்னா பெரிய பத்திரிகைக்காரங்க முகத்தைத் திருப்பிக்கறாங்க."

"ஓ..."

"ஒரு கட்டுரைக்கு மதிப்பு எப்படித் தெரியுமா? இன்னொருத்தர் தன் கட்டுரையில அதை எடுத்துச் சொல்லணும். மேற்கோள். பெரிய ஆளுங்களுக்கு ஆயிரக்கணக்குல இருக்கும். எனக்கு எத்தனைன்னு சொல்லுங்க?"

"எத்... எத்தனை?"

"ஒண்ணு!" ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான். முகத்தில் அப்படி ஒரு பெருமை! "நாலு வருஷத்துல, இந்த உலகத்திலேயே ஒரே ஒருத்தங்க. கே. பிரசூனான்னு ஒரு அம்மா. வயசானவங்களா இருக்கணும்... வெள்ளை முடி, தடிக் கண்ணாடி. நல்ல மனசுங்க அவங்களுக்கு."

வெள்ளை முடி அம்மாவுக்குப் புரையேறியது.

"பாத்தீங்களா, யாரோ உங்களை நினைக்கறாங்க. தண்ணி குடிங்க. அந்தம்மா பேருல அன்னவரம் கோயில்ல அர்ச்சனைகூட பண்ணினேன். பூசாரி கோத்திரம் கேட்டாரு. தெரியாது சாமி, கெமிஸ்ட்ரி கோத்திரம்னு சொல்லுங்கன்னேன்!"

பிரசூனாவுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. எழுந்து ஓடிவிடலாம். ஓடிவிட்டால் நாளைக்கு? நேர்காணலில் யாராவது அந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்தால்... இவன் நிலைமை என்ன ஆகும்?

"நீங்க அந்தம்மா எழுதினதைப் படிச்சீங்களா?"

"எங்க காலேஜ்ல அந்தப் பத்திரிகை வராதண்டி. கம்ப்யூட்டர்ல தலைப்பு மட்டும் தெரியும், உள்ள பூட்டு. படிக்கணுமா என்ன? பிடிக்காமலா என் பேரை எழுதியிருப்பாங்க?"

அவள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் நகர்த்தினாள். மூன்றே வரி. 'வம்சிதர் கூறும் முறையைப் பலமுறை செய்து பார்த்தோம். எங்களிடம் அது பலிக்கவில்லை. இம்முறை நம்பத்தக்கதல்ல.'

ஒருமுறை படித்தான். மறுபடியும் படித்தான். அந்தப் பெரிய கண்கள்... ஐயோ, அதைப் பார்க்கவே முடியவில்லை அவளால்.

"இது... உங்ககிட்ட எப்படி?"

"நான்தான் பிரசூனா."

கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை. தாள்களை மெதுவாக மடித்தான். "நம்பத்தக்கதல்லன்னா... பொய்யின்னு அர்த்தம்."

"பொய்யின்னு நான் எழுதல."

"வேற என்னண்டி அர்த்தம்?"

அவளுக்கும் ரோஷம் வந்தது. "இங்க பாருங்க சார், எங்க லேப்ல ஒரு துளி ஈரம்கூட உள்ள நுழையாது. ஒவ்வொரு பாத்திரமும் சுட்டுக் காயவெச்சது. நீங்க எழுதினதை எழுத்துக்கு எழுத்து செஞ்சேன். வரல! வராததை வந்துச்சுன்னு எழுதச் சொல்றீங்களா?"

"வேண்டாம். காக்கிநாடாவுக்கு வாங்க. உங்க கண் முன்னாடி செய்யறேன். வரலைன்னா என் கட்டுரையை நானே திரும்ப வாங்கிக்கறேன்."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்." எழுந்துவிட்டான். "எனக்கு இருந்தது அந்த ஒரு கட்டுரைதான். அர்ச்சனையைத் திரும்ப வாங்க முடியுமான்னு அந்தப் பூசாரியைக் கேட்டுப் பாக்கறேன்."

குடையில்லாமலே மழையில் இறங்கி நடந்தான். பிஸ்கட் தட்டு அப்படியே இருந்தது. 'நான் செஞ்சது தப்பில்லை' என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள் பிரசூனா. தப்பில்லை என்றால் அதை ஏன் இத்தனை தடவை சொல்ல வேண்டும்?

இரண்டு நாள் கழித்து அவளுடைய ஆய்வு வழிகாட்டி ராஜ்யலட்சுமி மேடம் சிரித்துக்கொண்டே அறைக்குள் வந்தார். அந்த நேர்காணல் குழுவில் அவரும் ஒருவர். மாணவிகளைத் தெலுங்கில் 'பொண்ணே' என்கிற மாதிரி 'அம்மாயி' என்றுதான் கூப்பிடுவார்.

"அம்மாயி, இப்படி ஒரு பைத்தியக்காரனை நான் பார்த்ததே இல்ல. காக்கிநாடாவிலேர்ந்து ஒருத்தன் வந்தான். மேற்கோள் எத்தனைன்னு கேட்டோம். ஒண்ணு, அதுவும் என் வேலை நம்பத்தக்கதல்லன்னு சொல்ற மேற்கோள்னான்! அவனே எடுத்து நீட்டறான். அதுவும் எதை? நம்ம கட்டுரையை!"

"மேடம்... அவருக்குப் பதவி உயர்வு?"

"எப்படிக் கொடுக்கறது? சொல்லாம இருந்திருந்தா எண்ணிக்கையை மட்டும் பார்த்துட்டு விட்டிருப்போம். யாரு உள்ள திறந்து படிக்கப் போறாங்க?"

பிரசூனா சட்டென்று எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். பொய் சொல்கிறவன் இப்படியா செய்வான்? வலியச் சென்று தன் தலையைத் தானே கொடுப்பானா? அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"மேடம், எனக்கு மூணு நாள் லீவு வேணும். காக்கிநாடா போறேன்."

மேடத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. "யோசிச்சுதான் பேசறியா? அடுத்த மாசம் உனக்கு வாய்மொழித் தேர்வு. அவன் செஞ்சு காட்டிட்டா உன் ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயம் போச்சு. பட்டமும் தள்ளிப் போகும்."

"தெரியும் மேடம். ஆனா அவர் சொல்றது நிஜமா இருந்தா, அந்த அத்தியாயம் இருக்கறதுதானே தப்பு?"

காக்கிநாடாவிலும் மழைதான். கல்லூரி ஆய்வகம் என்று அவன் திறந்து காட்டிய அறையில் ஏசி கிடையாது. அகலமான ஜன்னல்கள், மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி, கடலிலிருந்து பிசுபிசுவென்று காற்று.

"வெள்ளை முடி அம்மாவே நேர்ல வந்துட்டாங்களே," என்றான். குரலில் இன்னும் காரம் இருந்தது.

"கிண்டலை அப்புறம் வெச்சுக்கலாம். செய்யுங்க, பார்க்கறேன்."

செய்தான். பேச்சில் இருந்த கோபம் கையில் இல்லை. குடுவையைப் பிடித்த பக்குவம், ஊற்றும்போது மூச்சை அடக்கிக்கொண்ட விதம்... ஒவ்வொன்றையும் பார்த்தாள். குடுவையைத்தான் பார்க்க வந்தாள், மறந்துபோய் அவன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் போயிருக்கும். மஞ்சளாக இருந்த திரவத்துக்குள் ஏதோ மினுக்கியது... அப்புறம் பொலபொலவென்று வெள்ளைப் படிகம் இறங்கியது.

"இதோ... நம்பத்தகாதது வந்துடுச்சு!"

குடுவையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நிஜம்! அத்தனையும் நிஜம்! அப்படியானால் தன் லேபில் ஏன் வரவில்லை?

மறுநாள் பக்கத்தில் இன்னொரு குடுவையை வைத்தாள். அதே சாமான், அதே அளவு. ஆனால் தன் வழக்கப்படி எல்லாவற்றையும் சுட்டு, காயவைத்து, காற்றுப் புகாமல் மூடினாள். அவனுடையதில் வெள்ளை இறங்கியது. அவளுடையது மஞ்சளாகவே நின்றது. சாயங்காலம் வரை நின்றது.

அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப என் கைராசிதானா? கைராசியை எந்தப் பத்திரிகையும் போடாதே பிரசூனா காரு. வேற எங்கயும் வரலைன்னா இது வேதியியலே இல்ல. நீங்க எழுதினதுதான் சரி."

அந்த முகத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் கோத்துக்கொண்டு நின்ற மழைத்துளியைப் பார்த்தாள்.

"நீங்க ஜன்னலை மூடவே மாட்டீங்களா?"

"மூடினா வேர்த்து ஊத்துமேங்க."

"கட்டுரையில 'ஈரமில்லாம உலர்த்தி'ன்னு எழுதியிருக்கீங்களே!"

"அது... எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க... எழுதலைன்னா மதிக்க மாட்டாங்களேன்னு..."

"அட மகானுபாவா!"

பாய்ந்து போய்த் தன் குடுவையின் மூடியைத் திறந்தாள். சுத்தமான தண்ணீரில் ஒரு துளி. ஒரே துளி விட்டாள். இருவரும் மூச்சு விடாமல் குனிந்து நின்றார்கள்... தலையோடு தலை முட்டுகிற தூரத்தில்... வந்தது! மஞ்சளுக்குள் மினுமினுத்து, வெள்ளை வெள்ளையாக இறங்கியது!

"தண்ணி! உங்க ஊரு காத்துல இருக்கற தண்ணிதான்! நான் அதைத்தான் சுட்டுச் சுட்டு விரட்டியிருக்கேன்!" என்று கத்தியவள், அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருப்பதை அப்புறம்தான் கவனித்தாள். வெடுக்கென்று விட்டாள். கன்னம் சுட்டது.

"பரவாயில்லண்டி," என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஆய்... பரவாயில்ல."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம்தான். தேர்வைத் தானே தள்ளிப் போட்டாள் பிரசூனா. மேடம் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினாள். 'நாங்கள் முன்பு எழுதியது தவறு, வம்சிதரின் முறை பலிக்கும், ஒரு துளி நீர் போதும்' என்று இருவர் பெயரிலும் ஒரு குறிப்பு அதே பத்திரிகையில் வந்தது. அவ்வளவுதான்! புனே, ஜப்பான், பிரேசில் என்று எங்கெங்கோ ஆய்வகங்களில் ஆளுக்கொரு துளி விட்டுப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்றாக இருந்த மேற்கோள் மாதாமாதம் ஏறியது. அவன் தினமும் போன் பண்ணிச் சொல்வான். அவளுக்கு அது முன்னமே தெரியும். தெரியாத மாதிரியே கேட்டுக்கொள்வாள். ஆனால் சொல்ல வேண்டியதை மட்டும் இருவருமே சொல்லவில்லை. அவனுக்கு, இவ்வளவு படித்த பெண் நமக்கா என்ற தயக்கம். அவளுக்கு, அவன் வாயால் முதலில் வரட்டும் என்ற வீம்பு.

வாய்மொழித் தேர்வு நாள். அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் ராஜ்யலட்சுமி மேடம். கடைசி வரிசையில் கஞ்சி போட்ட சட்டையில் வம்சிதர். புனேயிலிருந்து வந்த தேர்வாளர் கேள்வியால் துளைத்தெடுத்தார். அவள் அசரவில்லை.

"உங்க பழைய கட்டுரையை நீங்களே தப்புன்னு சொல்றீங்க. கஷ்டமா இல்லையாம்மா?"

"எழுதினப்ப கஷ்டமா இல்ல சார். அதுதான் தப்பு. ஒருத்தரோட இத்தனை வருஷ உழைப்பை மூணு வரியில முடிச்சிட்டேன்."

கை தட்டினார்கள். பிறகு வழக்கப்படி தேர்வாளர் கேட்டார், "சபையில யாருக்காவது கேள்வி உண்டா?"

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"ஆய்... ஒரு சந்தேகமண்டி." மாணவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவன் பொருட்படுத்தவில்லை. "அன்னைக்கு ரெண்டாவது குடுவை பலிக்கல. உங்க பழைய கட்டுரை சரின்னு அப்பவே ஆயிடுச்சு. நிம்மதியா ரயில் ஏறியிருக்கலாம். ஏன் ஏறல?"

வேதியியலில் சொல்ல நூறு காரணம் இருந்தது. அத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தக் கண்கள்... அந்தக் கண்களுக்கு முன்னால் பொய் சொல்ல இனி அவளால் முடியாது.

"ஆராய்ச்சி பண்றவங்க எந்த முடிவுக்கும் ஆசைப்படக் கூடாது," என்றாள். "நான் ஆசைப்பட்டேன். நீங்க தோத்துடக் கூடாதுன்னு இருந்துச்சு எனக்கு. உங்களை... எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்தது."

அரங்கத்தில் விசில் பறந்தது பாருங்கள், கூரை பிய்த்துக்கொள்ளும் போல!

"அம்மாயி!" என்று மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது பாரபட்சம்மா. ஆராய்ச்சியில பெரிய குத்தம்." பிறகு அவரும் சிரித்துவிட்டார். "நல்லவேளை, எங்க புனேயில யாருக்கும் அந்தப் பையன் மேல ஆசை கிடையாது. அங்கயும் பலிச்சுது. அதனால முடிவு சரிதான். வாழ்த்துகள், டாக்டர் பிரசூனா!"

கைதட்டல் ஓயவே இல்லை. ஆனால் கடைசி வரிசையில் அவன் இன்னும் உட்காரவில்லை.

"இன்னும் என்னப்பா கேள்வி?" என்றார் தேர்வாளர்.

"கேள்வி இல்லண்டி, பதில்." வம்சிதர் அவளை மட்டும் பார்த்துச் சொன்னான். "அன்னைக்கு நான் தோத்தா நல்லாயிருக்கும்னு நினைச்சேன். தோத்தா, ஏன்னு பார்க்க இவங்க இன்னும் ஒரு நாள் எங்க ஊர்லயே இருப்பாங்களேன்னு!"