தாங்குமேசை

எந்திரம் ஓடியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எஸ்தர் டீச்சர் மட்டும் தட்டவில்லை.

இருபது வருடமாக அந்த வகுப்பறையில் எதுவும் ஓடாமல் இருந்ததே இல்லை. பிள்ளைகள் தாங்களே யோசித்து, தங்கள் கையாலேயே செய்து கற்க வேண்டும். ஆனால் தோற்று மனமொடிந்துவிடக் கூடாது. அதற்காக வந்ததுதான் தாங்குமேசை. மேலே வைத்த பொருளில் எங்கே பலவீனமோ அங்கே மேசையின் தாங்குவிசை போய் முட்டுக்கொடுக்கும். தப்பாக இணைத்த கம்பியிலும் மின்சாரம் பாயும். அட்டையில் கட்டிய பாலத்தில் ஆளே நடக்கலாம். பெற்றோருக்குப் பூரிப்பு, எஸ்தருக்கு நல்லாசிரியர் விருது. எல்லாம் தெரிந்தேதான் இத்தனை வருடம் கைதட்டினார். இப்போது அந்த விருதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

ஏனென்றால் இன்றைய எந்திரம் விளையாட்டுச் சாமான் அல்ல. தூத்துக்குடிக்குள் கடல் புகாமல் விசையால் மறித்து நிற்கும் பழைய எந்திரம் நாளையோடு நின்றுவிடும். அதைச் செய்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் செய்த இதுதான் மாற்று.

“முத்தரசி, அதத் தூக்கித் தரையில வைம்மா,” என்றார் எஸ்தர்.

“எதுக்கு மிஸ்? நல்லாத்தான ஓடுது?”

“வைன்னா வை.”

ஆறு பேர் சேர்ந்து இறக்கி வைத்தார்கள். எந்திரம் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது.

முத்தரசி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடாத ஒன்றை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எங்கே திறப்பது, எதைச் சோதிப்பது, ஒன்றும் புரியவில்லை.

“மிஸ், இப்ப என்ன செய்யணும்?”

எஸ்தருக்கும் தெரியவில்லை. பதில் சொல்வது ஆசிரியர் வேலையல்ல என்றுதான் அவருக்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

எந்திரத்தை எடுத்துப்போக வந்திருந்த மாநகராட்சிப் பொறியாளர் பால்துரை சிரித்தார். அவரும் எஸ்தரிடம் படித்தவர்தான்.

“இதுக்குப் போயி ஏன் மிஸ் பயப்படுதீங்க? மேசையையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருவோம்.”

பிள்ளைகள் எந்திரத்தை மறுபடி மேசைமேல் ஏற்றினார்கள். அது ஓடத் தொடங்கியது. மறுபடியும் கைதட்டல்.

“பால்துரை, இந்த மேசைக்கு விசை எங்கருந்து வருது?”

“கடக்கரையில கடல மறிச்சு நிக்கிற பழைய எந்திரத்துலருந்துதான். ஊருக்கே அதான குடுக்கு?”

“அது நாளைக்கு நின்னுருமே?”

“ஆமா மிஸ்,” என்றார் பால்துரை, லாரியைப் பின்னால் வரச்சொல்லிக் கைகாட்டியபடி. “அதனாலதான இதக் கொண்டுபோறோம்.”