சார்ப்போமா விழுந்த விதம்

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தாயிற்று. போதாது என்பவர்களுக்கு வானத்தைக் காட்டியும் செய்யலாம். எல்லாமே நேரில் கண்ட ஒருவர் சொன்னது. நடந்த இடத்திலிருந்து அவர் மூன்றடி தூரத்தில் இருந்தார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, இடத்தைவிட்டு எழுந்து போகவில்லை, ஒரு கொட்டாவிகூட விடவில்லை. இவ்வளவு பொறுமையான சாட்சி குமாசி நகர நீதிமன்றத்துக்கே வாய்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகத் தகராறு ஒரு துணியில் ஆரம்பித்தது.

அச்சியா கரியடுப்பில் சோளக்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நாத்தனார் சார்ப்போமா வந்து நின்றாள். இறந்துபோனவர் சார்ப்போமாவின் தாய்மாமா போவடு. அன்று அவருக்குப் பெரிய சாவுச் சடங்கு. குலத்தின் பெண்களில் மூத்தவள் என்பதால் அழுகைக்குத் தலைமை அவளுடையது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை, நெருங்கிய சொந்தங்கள் சாவுக்கு உடுத்தும் ரத்தச் சிவப்புத் துணி. ஊரே திரும்பிப் பார்க்கும் துணி.

"ஏ அச்சியா! இன்னுமாடி உடுத்தல? நான் குடுத்த சிவப்ப எடு. உன் மக பொக்குவா பொறந்தப்ப என் கையால குடுத்தேனே, அது! அதே மாதிரி ஒண்ணு எனக்குக் குமாசியில கிடைச்சுது, பாரு... நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் ஒரே துணியில நின்னா ஊர் என்ன பேசும்!"

"அண்ணி... பெட்டிச் சாவி எங்கயோ விழுந்துடுச்சு..."

"போன சாவுக்கும் சாவி விழுந்துச்சு. அதுக்கு முந்தின சாவுக்கும் விழுந்துச்சு. உன் சாவிக்கு மட்டும் எங்க வீட்டுச் சாவுன்னா ஆகாதோ?"

அச்சியா கஞ்சியைக் கிண்டினாள். அவளுடைய துணிப்பெட்டியைப் பற்றி ஊரில் தெரியாதவர் இல்லை. கட்டிலுக்கடியில் கிடந்த அந்தத் தகரப் பெட்டியை இரண்டு ஆண்கள் சேர்ந்தும் நகர்த்த முடியாது. இவ்வளவு கனமென்றால் உள்ளே எவ்வளவு துணி இருக்க வேண்டும்! அதைக் கட்டாமல் சாயம்போன ஒரே கறுப்புத் துணியில் மூன்று வருடமாக எல்லாச் சாவுக்கும் வந்து நிற்கிறாளே... கஞ்சப் பிசினாறி! செத்தபிறகு தன் தாய்வழிச் சொந்தத்துக்குக் கொடுக்கப் பூட்டி வைத்திருக்கிறாள்! இதுதான் சார்ப்போமாவின் முடிவு. சார்ப்போமா முடிவு செய்தால் ஊரும் அப்படித்தான்.

"துணிதான் கிடக்கட்டும். உன் மக விஷயத்துக்கு வா. நாளைக்குக் குடும்பம் கூடும்போது சொல்லிடுவேன். திங்கக்கிழமையிலிருந்து பொக்குவா என் துணிக்கடைக்கு வரணும்."

"அண்ணி! இன்னும் ஒரு வருஷம்..."

"மூணு வருஷமா இதத்தான்டி சொல்ற!"

அதில் பொய் இல்லை. பொக்குவா நர்சிங் படித்து, பரீட்சையில் தேறி, உரிமம் வாங்கி, அரசாங்கம் எந்த ஊருக்காவது அனுப்பும் என்று காத்திருக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது. கூடப் படித்தவர்களில் ஒருத்தி தக்காளி விற்கிறாள். ஒருத்தி லண்டன் போகிறேன் என்று போய்த் தலைநகரிலேயே நிற்கிறாள். தனியார் மருத்துவமனைகளோ, "அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டன. அனுபவம் பெற வேலை வேண்டும், வேலை பெற அனுபவம் வேண்டும். பொக்குவா சும்மா இருக்கவில்லை. கை மறந்துவிடக் கூடாதென்று அந்த வீட்டு வளவில் உயிருள்ள எதையும் விடாமல் ரத்த அழுத்தம் பார்த்தாள். மனிதர்கள் தீர்ந்ததும் ஆடுகளுக்குப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கியதால் சேவலுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

அந்தப் பொக்குவா உள்ளேயிருந்து வந்து அத்தையின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அத்தை, கை ஏன் நடுங்குது? சாப்பிட்டீங்களா?"

"மாமா மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடி நான் சாப்பிடுறதா? முந்தாநாள்லேர்ந்து பச்சத்தண்ணிதான்."

"சர்க்கரை மாத்திரை?"

"அத விடுவேனா? ரெண்டு வேளையும் போட்டேன்."

"ஐயோ... சாப்பிடாம அந்த மாத்திரைய போடவே கூடாது அத்தை! சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும்!"

"பாருடி! அரசாங்கமே வேணாம்னு வச்ச நர்சு எனக்கு வைத்தியம் சொல்றா!"

பொக்குவா தலைகுனிந்து உள்ளே போனாள். அச்சியாவின் கண்ணில் நீர் முட்டியது. கரிப்புகை என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். துணிக்கடைக்குள் போனவள் வெளியே வருவாளா? இந்தப் பெண்ணை வெள்ளை உடுப்பில் பார்க்கத்தானே எல்லாவற்றையும்...

குலவீட்டு முற்றம் முழுக்கப் பந்தல். நடுவில் பித்தளைக் கட்டிலில், பட்டும் தங்கமுமாகப் போவடு மாமா. பக்கத்தில் நன்கொடை மேசை, மைக், பித்தளை வாத்தியக்காரர்கள். யார் எது கொடுத்தாலும் மைக்குக்காரர் பெயரைச் சொல்லி முழங்குவார். வாத்தியம் ஒரு வெட்டு வெட்டும். குலத்து ஆண்கள் வலது கையை உயர்த்தி நன்றி காட்ட வேண்டும். கை உயர்த்தாதவன் குலத்துக்கே அவமானம்.

அச்சியா சாயம்போன கறுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

சார்ப்போமா எழுந்தாள். சுற்றுவட்டாரத்தில் அவளைப் போல் சாவில் விழ ஆள் கிடையாது. அவள் விழுவதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். முதலில் கையிரண்டையும் தலையில் வைப்பாள். அப்புறம் பாட்டு. மூன்றாவது அடியில் முழங்கால் மடங்கும். பாயின் மேல்தான் விழுவாள். தலைத்துணி ஒரு மடிப்புக்கூடக் கலையாது.

அன்று பாட்டின் இரண்டாவது அடியிலேயே மாமாவின் பெயரை மாற்றிச் சொன்னாள். மூன்றாவது அடி வரவில்லை. பாயைத் தாண்டி வெறும் மண்ணில், கட்டிலுக்கு அருகே, பக்கவாட்டில் விழுந்தாள். தலைத்துணி உருண்டு ஓடியது.

கூட்டம் உருகிப்போனது.

"அடடா! என்ன பாசம்! என்ன பாசம்!"

"தலைத்துணி போனதுகூடத் தெரியலயே! இதுதான்யா அழுகை!"

பெண்கள் விசிறினார்கள். அழுகையைப் பாராட்டி ஒருவர் அவள் நெற்றியில் பணத்தை ஒட்டினார். நெற்றியில் அவ்வளவு வியர்வை. பணம் தானாக ஒட்டிக்கொண்டது.

பொக்குவா மட்டும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"இது அழுகை இல்ல! எல்லாரும் தள்ளுங்க! அத்தை... அத்தை, என்னைப் பாருங்க! யாராவது ஒரு மால்ட் எடுங்க! சீக்கிரம்!"

விருந்தினருக்கான இனிப்பு மால்ட் பானப் பாட்டில்கள் பெட்டிபெட்டியாக அருகிலேயே இருந்தன. அவள் ஒன்றை எடுத்தாள். குலத்துப் பெரியவர்கள் இருவர் பாய்ந்து வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

"என்ன காரியம் பண்ற பொண்ணே! பிணம் வீட்டுல கிடக்கும்போது தலைமை அழுகைக்காரி வாயில இனிப்பா? விரதம் முறிஞ்சா மாமா போற வழியில பட்டினி கிடப்பாரு!"

"விடுங்க தாத்தா! இப்ப குடுக்கலேன்னா மாமா பின்னாடியே அத்தையும் போயிடுவாங்க!"

"வேலை கிடைக்காத கோவத்த இங்க வந்து காட்டுறியா?"

அச்சியா இருபத்தைந்து வருடமாக அந்த வீட்டில் குரலை உயர்த்தியதில்லை. அன்று எப்படி வந்தாள், யாரை மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. மேசையருகே, மைக்குக்காரர் அடுத்த பெயருக்காக நீட்டியிருந்த மைக்கின் முன்னால் வந்து நின்று கத்தினாள்.

"அவள விடுங்க! அவ படிச்சிருக்கா! அந்தப் படிப்புக்கு என் பெட்டியில இருந்த அத்தனை துணியும் போச்சு! ஒரு துணி விடாம வித்துப் படிக்க வச்சேன்! பெட்டி காலி! கேட்டுக்குங்க... காலி! எனக்கு என்ன பேர் வேணா வைங்க... என் மக கைய விடுங்க!"

எட்டு ஒலிபெருக்கிகள் வழியாக ஊர் எல்லைவரை போய்ச் சேர்ந்த செய்தி அது.

மைக்குக்காரருக்கு அவ்வளவு பெரிய கொடையைக் கேட்டால் வாய் தானாகத் திறக்கும். பழக்கதோஷம்.

"அச்சியா அம்மா! ஒரு பெட்டி துணி! மகளின் படிப்புக்கு! ஆண்டவர் பெருக்குவாராக!"

வாத்தியம் ஒரு வெட்டு வெட்டியது. குலத்து ஆண்கள் அத்தனை பேரும் வலது கையை உயர்த்தினார்கள். பொக்குவாவைப் பிடித்திருந்த இருவரும் உயர்த்தினார்கள்.

அவள் விடுபட்டாள்.

அத்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சமையல்கட்டிலிருந்து யாரோ கொண்டு ஓடிவந்த சர்க்கரையை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தொண்டை அசைந்து, விழுங்க முடிகிறது என்று தெரிந்தபிறகுதான் மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள்.

சார்ப்போமா கண்ணைத் திறந்தாள்.

"சூடா இருக்கே..." என்றாள். "ஐஸ்ல வைக்கலயாடா மால்ட்ட?"

அன்று அந்த முற்றத்தில் எழுந்த அழுகைக்கு யாரும் தலைமை தாங்கவில்லை.

அடக்கம் முடிந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, சார்ப்போமா நேரே தம்பி வீட்டுக்கு வந்தாள். பின்னால் பாதி ஊர்.

"திற பெட்டிய."

சாவி தொலையவே இல்லை. அச்சியாவின் கழுத்துக் கயிற்றில்தான் இருந்தது. பூட்டு திறந்தது. உள்ளே ஒரு முழத் துணிகூட இல்லை. கன்னங்கரேலென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு இரும்புப் பிண்டம்.

"ஐயோ, என் கியர் பாக்ஸ்!" என்று அலறினான் அச்சியாவின் கணவன் ஒப்போங். வேன் ஓட்டுபவன், பேசத் தெரியாதவன் என்று பெயர் எடுத்தவன். "மூணு வருஷமா இதத் தேடுறேனேடி! திருடிட்டான்னு மெக்கானிக்க அடிச்சேனே!"

"பெட்டி லேசா இருந்தா கண்டுபிடிச்சிருவீங்களேங்க..."

சார்ப்போமா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா அச்சியா?"

"குடுத்திருப்பீங்க அண்ணி. குடுத்துட்டு, ஒவ்வொரு சாவுலயும் சொல்லியிருப்பீங்க. நான் கேட்டுக்குவேன்... எம்பொண்ணு காதுல அது விழ வேணாம்னு நினைச்சேன்."

சார்ப்போமா மறுபடி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"நான் குடுத்த சிவப்பு? அதுவுமா?"

"அதான் முதல்ல போச்சு. அத வித்துத்தான் அவளுக்கு வெள்ளை உடுப்பு தைச்சேன்."

"யாருகிட்ட வித்த?"

அச்சியா நாத்தனாரின் இடுப்பைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லுடி!"

"குமாசிச் சந்தையில வித்தேன். இப்ப... உங்க மேலதான் இருக்கு அண்ணி. உள்முனையப் பாருங்க. பொக்குவா குழந்தையா இருந்தப்ப இஸ்திரிப் பெட்டியத் தட்டிவிட்டா. கரி விழுந்து, கட்டைவிரல் அளவுக்குப் பொசுங்கியிருக்கும்."

சார்ப்போமா முனையைத் திருப்பினாள். கட்டைவிரல் அளவுக்குப் பொசுங்கியிருந்தது.

"தெரிஞ்சுமா... தெரிஞ்சுமாடி மூணு வருஷம் எதிர்லயே உக்காந்திருந்த?"

"உங்களுக்கு நல்லா இருந்துச்சு அண்ணி."

"ஐயோ, என் தாயே! எந்தக் கழுதை இவ்வளவு நல்ல துணிய வித்தாளோன்னு திட்டிக்கிட்டே வாங்கினேனே! உன்னத் திட்டினேன்னு தெரியாமப் போச்சேடி! கஞ்சப் பிசினாறின்னு ஊர் பூரா..."

மேலாகச் சுற்றியிருந்த அந்தச் சிவப்புத் துணியை அவிழ்த்து அச்சியாவின் தோளில் சுற்றினாள். சுற்றிய கை விடவில்லை. இருவரும் ஒரே துணிக்குள் நின்று அழுதார்கள். பொக்குவா அத்தையின் நாடியை விரலால் பிடித்து எண்ணிக்கொண்டே அழுதாள். ஒப்போங் கியர் பாக்ஸைத் துடைத்துக்கொண்டே அழுதான்.

மறுநாள் தேவாலயத்து நன்றிப் பூசைக்கு எல்லாரும் வெள்ளையும் கறுப்புமாக வந்தார்கள். வழக்கில் வென்றவர்களுக்கு எங்கள் பக்கத்தில் தோளில் வெள்ளைப் பொடி தூவுவது வழக்கம். சார்ப்போமா ஒரு டப்பாவை முழுதாக அச்சியாவின் மேலும் பொக்குவாவின் மேலும் கவிழ்த்தாள். தும்மல் அடங்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. குடும்பம் கூடியபோது கடைப் பேச்சை யாரோ எடுத்தார்கள்.

"யாரு கடைக்கு?" என்று சீறினாள் சார்ப்போமா. "நர்ஸம்மாவ துணி மடிக்கச் சொல்றியா? வாயக் கழுவு!"

அதற்கப்புறம் பொக்குவா இல்லாமல் அந்த வட்டாரத்தில் பெரிய சாவு நடந்ததில்லை. பந்தலில் அவளுக்கென்று ஒரு நாற்காலி, சம்பளம், ஐஸில் வைத்த மால்ட். "நர்ஸ் வந்திருக்கிறார்! உறவினர்கள் தாராளமாக விழலாம்!" என்று மைக்குக்காரர் அறிவிப்பார். உயிரோடு இருப்பவர்கள் மூன்று வருடமாகக் கொடுக்காத வேலையைச் செத்தவர்கள் கொடுத்தார்கள். அனுபவமும் அதிலேயே சேர்ந்தது.

ஆனால் அச்சியா ஆசைப்பட்டது அது இல்லையே. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. சார்ப்போமாவுக்குத்தான் இப்போது சொல்லாததும் கேட்க ஆரம்பித்திருந்தது. ஒரு திங்கட்கிழமை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சிவப்பு உடுத்தி, வேலை ஆணை போடும் அலுவலகத்துக்குப் போனாள். நடுக்கூடத்தில் கையிரண்டையும் தலையில் வைத்தாள். பாடினாள். மூன்றாவது அடியில் விழுந்தாள். பாயையும் கையோடு கொண்டுபோயிருந்தாள். தலைத்துணி ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. மாலை வரைக்கும் எழுந்திருக்கவும் இல்லை. அலுவலர்கள் தங்கள் அலுவலகத்தில் யார் செத்தது என்று தெரியாமல் ஒருவரிடம் ஒருவர் துக்கம் விசாரித்தார்கள். அடுத்த வாரமே பொக்குவாவுக்கு ஆணை வந்தது. சொந்த ஊர் சுகாதார நிலையம்.

முதல் நாள் காலை வெள்ளை உடுப்பில் வாசல் இறங்கியவளை அச்சியா பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் உடுத்தியிருந்தது சிவப்பு. பக்கத்தில் சார்ப்போமா, சாயம்போன கறுப்பில்.

"கரிப்புகை," என்றாள் அச்சியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அடுப்பே பத்த வைக்கலயேடி," என்றாள் சார்ப்போமா, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு.

இத்தனையும் பக்கத்திலிருந்து கண்டு, ஒன்று விடாமல் சொன்ன சாட்சி போவடு மாமா. அவரை அந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அடக்கம் செய்தார்கள்.