வெந்நீர்க் குழாயில் இரண்டு கைகள்

குழாயைப் பிடித்தது அவள் கை மட்டும் இல்லை...

முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்ட இன்னொரு கையும் அதே நேரம் அந்தப் பித்தளைத் திருகின் மேல் வந்து விழுந்தது. இரண்டு கைகளும் சேர்ந்து ஒரே பக்கமாகத் திருகின. மூடுகிற பக்கமாக.

"யம்மா... எவ்வளவு தண்ணி வீணாப் போவுது," என்றது அந்தக் கைக்குச் சொந்தமான குரல்.

பிரிஸ்கில்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ். அதுவும் கோவில்பட்டிப் பக்கத்துத் தமிழ். ஜப்பானில், கினோசாகி என்னும் வெந்நீர் ஊற்று ஊரில், வில்லோ மரங்கள் தலைகுனிந்து நிற்கும் கால்வாய்க் கரையில்...

நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த முகத்தில் முதலில் தெரிந்தது கண்கள்தான். நல்ல பெரிய கண்கள், திருட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் கண்கள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தன.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. கால் நனைத்துக்கொள்வதற்காகக் கட்டிவிட்ட கல் தொட்டி அது. குழாயிலிருந்து வெந்நீர் கொட்டோ கொட்டென்று கொட்டி, தொட்டி நிறைந்து, கால்வாய்க்குள் வழிந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் அதில் காலை விட்டுக்கொண்டு ஆனந்தமாக உட்கார்ந்திருந்தார்கள். பிரிஸ்கில்லாவால் மட்டும் உட்கார முடியவில்லை. கரிசக்காட்டில் பிறந்தவள். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் தையல் மெஷினையே நிறுத்திவிட்டுக் குடத்தோடு ஓடுகிற புதியம்புத்தூர்க்காரி. வழிகிற தண்ணீரைப் பார்த்தால் கை தானாகப் போய்விடும்.

பக்கத்து முட்டைக் கடையிலிருந்து ஓர் அம்மாள் ஏப்ரனோடு ஓடி வந்தாள். தொடாதீர்கள், தொடாதீர்கள் என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். பூமிக்குள்ளிருந்து தானாக வருகிற தண்ணீராம். ராத்திரி பகல் ஓடிக்கொண்டே இருக்குமாம். ஆயிரத்து முந்நூறு வருடமாக இந்த ஊரில் வெந்நீர் வருகிறதாம், இதுவரை யாரும் மூடப் பார்த்ததில்லையாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பிரிஸ்கில்லா குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அவனும் குனிந்தான். ஒருமுறை குனிந்தால் போதும், அவன் நாலு முறை குனிந்தான். நாலாவது முறை அவன் தோளில் கிடந்த துண்டு தொட்டிக்குள் விழுந்தது.

அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

"சிரிங்க, சிரிங்க," என்றான் துண்டைப் பிழிந்துகொண்டே. "ரெண்டு பேரும் சேந்துதான் களவு பண்ணினோம். மாட்டினது நான் மட்டும்."

"உங்களை யாரு அத்தனை தடவை குனியச் சொன்னா?"

"பயத்துல குனிஞ்சிட்டேன். நீங்க எந்த ஊரு?"

"கோவில்பட்டிப் பக்கம்."

"அதை விளாத்திகுளத்துக்காரனும் சொல்லுவான், எட்டயபுரத்துக்காரனும் சொல்லுவான். சரியாச் சொல்லுங்க."

"புதியம்புத்தூர். நீங்க?"

"கடம்பூர்."

"போளி ஊரா?"

"அங்கன மனுசங்களும் இருக்கோம். அதை ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குதாங்க."

மறுபடி சிரிப்பு வந்தது அவளுக்கு. இந்த ஆறு மாதத்தில் அவள் இப்படி அடுத்தடுத்துச் சிரித்ததே இல்லை. இருவரும் ஓர் ஆள் இடைவெளி விட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காலை நீருக்குள் விட்டார்கள். சூடு கணுக்காலில் ஏறியது. மேலே மழை, மெல்லிய தூறலாக, விழுகிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கும் மழை...

ஹிமேஜியிலிருந்து காலையிலேயே புறப்பட்டு, ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று வரும் வண்டியில், இரண்டு இடத்தில் மாறி வந்திருந்தாள் அவள். ஒரே ஒரு நாள் லீவு. எல்லாரும் இங்கே பெரிய குளியல் கூடங்களில் முங்கிக் குளிக்கத்தான் வருவார்கள். அவள் ஒரு கூடத்தின் வாசல் வரை போனாள். உள்ளே ஒரு பொட்டுத் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும் என்று தெரிந்ததும், ஆண்டவரே, காலை நனைத்தால் போதும் என்று திரும்பிவிட்டாள்.

"நானும் அப்படித்தான்," என்றான் அவன். "நான் பக்கத்துல டொயோக்காவுல, பை தைக்கிற ஃபாக்டரியில இருக்கேன். இங்கன வர ரயில்ல பத்தே நிமிசம். நாலு தடவை வந்துட்டேன். நாலு தடவையும் கால்தான்."

"எங்க அம்மாவும் டெய்லருதான். நைட்டி தைக்குதாவ."

"அப்ப ஒரே தொழில்காரங்க. நீங்க என்ன வேலை பாக்குதீங்க?"

"முதியோர் இல்லத்துல. வயசானவங்களைக் குளிப்பாட்டணும், சோறு ஊட்டணும், நடக்க வைக்கணும். அதுல ஒரு அம்மா, தொட்டிக்குள்ள இறக்கும்போதெல்லாம் 'கினோசாகி, கினோசாகி'ன்னு சொல்லுவாவ. அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு வந்தேன்."

திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் இருந்த விளையாட்டு அத்தனையும் போயிருந்தது. துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தான், பிழிய அதில் தண்ணீரே இல்லை.

"உங்க பேரு... பிரிஸ்கில்லாவா?"

"எப்படித் தெரியும்?"

"நான் பிரின்ஸ்டன்," என்றான் மெதுவாக. "கடம்பூர் ரத்தினம் மகன்."

தண்ணீருக்குள் இருந்த கால் அப்படியே நின்றுவிட்டது.

பிரின்ஸ்டன்... இந்தப் பெயரை எத்தனை ராத்திரி திட்டியிருக்கிறாள். ஆறு மாதத்துக்கு முன் தரகர் பாக்கியசாமி கொண்டுவந்த வரன். ஜப்பான் மாப்பிள்ளைக்கு ஜப்பான் பெண், ஜாடிக்கேற்ற மூடி என்று அவர்தான் அளந்துவிட்டுப் போனார். போட்டோ மாற்றிக்கொள்ளும் முன்பே முறிந்துபோனது. 'முன்பின் தெரியாத கிழவங்களைக் குளிப்பாட்டுற பொண்ணு எங்க வீட்டுக்கு வேண்டாம்.' பாக்கியசாமி அதை ஒரு வார்த்தை குறைக்காமல் அம்மாவிடம் ஒப்பித்திருந்தார். அம்மா போனில் அழுதாள். வேலையை விட்டுட்டு வந்திரு பிரிஸ்கி என்றாள். பிரிஸ்கில்லா அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து, வேலை முடிந்து கை கழுவும்போதெல்லாம் அந்த வாக்கியம் காதில் விழுந்தது. கௌரவமாக நினைத்துச் செய்த வேலை கூச வைத்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

எழுந்தாள். காலைத் துடைத்தும் துடைக்காமலும் செருப்பை மாட்டினாள்.

"குழாய்ல என் கை உங்க மேல பட்டுட்டு. கிழவங்களைத் தொட்ட கை. நல்லாக் கழுவிக்கிடுங்க."

"நில்லுங்க. அதை நான் சொல்லலை."

"அப்போ யாரு சொன்னா?"

"அம்மா சொன்னாவ." பொய் சொல்லித் தப்பித்துவிடலாம். அவன் அதைச் செய்யவில்லை. "எங்கிட்ட போன்ல கேட்டுட்டுத்தான் சொன்னாவ. நான்... உங்க இஷ்டம்மான்னுட்டேன். அப்படிச் சொல்லாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

அவன் சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒத்துக்கொண்டுவிட்டானே... என்ன செய்ய? குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.

பத்து அடிகூடப் போயிருக்க மாட்டாள். பின்னால் ஒரு பெண் கத்தினாள்.

தொட்டியில் வெகுநேரமாகக் கால் நனைத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றிருக்கிறார். தலை சுற்றியிருக்கிறது. முகம் வெளுத்துச் சரிந்துகொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

குடை எங்கே போனது என்று பிரிஸ்கில்லாவுக்குத் தெரியாது. ஓடினாள். பெரியவரின் முதுகைத் தன் நெஞ்சோடு சாய்த்து, முழங்காலை மடக்கி, பூவை இறக்குகிற மாதிரி அவரைப் பக்கத்திலிருந்த பெஞ்சின் மேல் மல்லாக்க இறக்கினாள்.

"காலைத் தூக்குங்க," என்றாள் தமிழில், யாரையும் பார்க்காமல். "ரெண்டு காலையும். உங்க நெஞ்சு உயரத்துக்கு."

பிரின்ஸ்டன் ஏற்கெனவே குனிந்திருந்தான். பெரியவரின் ஈரக் கால்கள் இரண்டையும் மார்போடு அணைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். சட்டை நனைந்தது. அவன் அசையவில்லை. பிரிஸ்கில்லா பெரியவரின் பொத்தானைத் தளர்த்தினாள், நாடியைப் பிடித்தாள், அவர் காதருகே குனிந்து சின்னக் குரலில் பேசிக்கொண்டே இருந்தாள். நல்லா மூச்சு விடுங்க, நான் இருக்கேன், ஒண்ணும் இல்லை... தினமும் இருபது பேரிடம் சொல்கிற அதே ஜப்பானிய வார்த்தைகள்.

மெல்ல அவர் முகத்தில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்தார். முட்டைக் கடை அம்மாள் தண்ணீர் கொண்டுவர, பிரிஸ்கில்லா அவரைச் சாய்த்து வைத்து மடக்கு மடக்காகக் கொடுத்தாள். அவர் மனைவி இவள் கை இரண்டையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிரிஸ்கில்லா திரும்பினாள். பிரின்ஸ்டன் மண்டி போட்டு உட்கார்ந்து, பெரியவரின் பாதத்தைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். விரல் இடுக்கு இடுக்காக. யாரும் சொல்லாமலே.

அவள் கிளம்பினாள். இந்த முறை நடையில் அவ்வளவு வேகம் இல்லை.

பிளாட்பாரத்தில் வண்டிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அவனும் வந்தான், அவளுடைய குடையோடு. கொடுத்துவிட்டு இரண்டு இருக்கை தள்ளிப் போனை எடுத்தான். ஊரில் அது மதியச் சாப்பாட்டு நேரம்.

"அம்மா... சாப்பிட்டீங்களா? ஒரு விசயம் சொல்லுதேன், குறுக்க பேசாமக் கேளுங்க. புதியம்புத்தூர்ப் பொண்ணை வேண்டாம்னு சொன்னோம்லா, அது தப்பு. நான் வாயை மூடிட்டு இருந்தது அதைவிடத் தப்பு. இன்னைக்கு அவிய ஒரு உசுரைத் தாங்கிப் பிடிச்சதைப் பாத்தேன். இப்பவே போய் அவங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அவிய என்னைக் கட்டிக்கிடாட்டாலும் கேக்கணும்."

அவள் பக்கத்தில் இருக்கிறாளா என்று அம்மா கேட்டிருக்க வேண்டும். அவன் தயங்கித் தயங்கி அதை அவளிடம் நீட்டினான்.

"ஏம்மா," என்றது அவன் அம்மா ரத்தினத்தின் குரல். கரகரத்துப் போயிருந்தது. "நாலு பேரு என்ன சொல்லுவாங்களோன்னு பயந்து சொல்லிட்டேன். இவன் அப்பாவை எட்டு மாசம் படுக்கையில வச்சுக் குளிப்பாட்டினவ நான். எனக்கே தெரிஞ்சிருக்கணும். மனசுல வச்சுக்கிடாத தாயி. சாயங்காலம் பஸ் பிடிச்சு உங்கம்மாவைப் பாக்கப் போறேன்."

"சரிங்கத்தை," என்றாள் பிரிஸ்கில்லா. அத்தை என்று ஏன் சொன்னாள்... வாய் தவறியா? அவளுக்கே தெரியவில்லை. காது மடல் சூடேறியது. கண்ணீர் வந்தது. அன்று போனில் வராத கண்ணீர், இப்போது தாராளமாக, நெஞ்சை லேசாக்கிக்கொண்டு வந்தது.

இரண்டே பெட்டி உள்ள வண்டி வந்தது. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆறும் மழையும் கூடவே வந்தன. அவன் எதையோ சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். பத்து நிமிடத்தில் டொயோக்கா வந்தது. கதவு திறந்தது. அவன் எழவில்லை. கதவு மூடியது.

"உங்க ஊரு போயிட்டு."

"தெரியும்."

"ஹிமேஜி வரைக்கும் வாரீங்களா?"

"நீங்க இறங்கச் சொல்லுத இடம் வரைக்கும் வாரேன்." அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "பிரிஸ்கில்லா, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க யாருன்னு தெரியும் முன்னாலயே பிடிச்சிட்டு. தெரிஞ்ச பொறவு, கேக்க அருகதை இருக்கான்னுதான் தெரியலை."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். சோப்பிலும் வெந்நீரிலும் தினம் ஊறி ஊறி வெடித்த விரல்கள். ஆறு மாதமாக எவர் முன்னாலும் மடியில் ஒளித்துவைத்த விரல்கள்.

"நான் இந்த வேலையை விட மாட்டேன்."

"விடச் சொல்ல நான் யாரு?"

"ஊர்ல போய் செட்டில் ஆனாலும் இதே வேலைதான் பாப்பேன்."

"பாருங்க. நான் கூட நின்னு காலைத் தூக்கிப் பிடிக்கேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. நிமிர்ந்து அந்தப் பெரிய கண்களை நேராகப் பார்த்தாள். முதல் தடவையாக, பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல்...

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள். சொல்லிவிட்டு, வெடித்த விரல்களோடு அந்தக் கையை அவன் பக்கம் நீட்டினாள்.