எண்பத்தெட்டாவது வளை

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பாய்மரப் படகு மூன்றாவது தீவை நெருங்கியது. தீவு கண்ணில் படுவதற்கு முன்னாலேயே அதன் நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. எச்சமும் மீனும் ஈர இறகும் கலந்த நாற்றம். மூடுபனிக்குள் இருந்து ஆயிரக்கணக்கான பறவைகளின் கூச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அண்ணி, இன்னொரு தடவை யோசிங்க," என்றான் கொழுந்தன், பாயைச் சுருட்டிக்கொண்டே.

"ஒரு வருஷமா யோசிச்சாச்சு. ரப்பர் படகை இறக்கு."

படகோட்டி சுக்கானைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். முதல் இரண்டு தீவுகளிலும் வாய் ஓயாமல் பேசி உயிரை வாங்கிய மனிதர், இன்று விடிந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. இந்தப் பக்கம் வர வேறு எந்தப் படகுக்காரரும் சம்மதிக்கவில்லை. இவரும், கரையில் கால் வைக்கச் சொல்லக்கூடாது என்று பேசிக்கொண்டுதான் வந்திருந்தார்.

அவர்கள் பயந்ததில் தப்பில்லை. அவள் புருஷன் கடற்பறவைக் கணக்கெடுப்பவன். வருஷத்துக்கு ஒருமுறை, ஐந்து நாள், ஐந்து தீவு என்று பதினோரு வருஷம் சுற்றியவன். போன வருஷம் இந்தத் தீவின் மேற்குச் சரிவில் பறவைகள் கூடு வைக்கும் நூற்றிருபது வளைகளில் எண்பத்தேழை முடித்துவிட்டு, எண்பத்தெட்டாவதன் வாசலில் காணாமல் போனான். எழுதும் அட்டை அங்கேயே கிடந்தது. பென்சில் அதன்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. ஒன்பது நாள் கடலையும் தீவையும் சலித்துத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

அந்த வருஷத்துக் கணக்கு அப்படியே நின்றுபோனது. தொடர்ந்து இரண்டு வருஷம் கணக்கு வராத தீவைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கிய கையோடு பாறையை உடைத்துப் படகுத்துறை கட்ட ஒரு கம்பெனி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தது. "அங்க போக ஆளே கிடைக்கலம்மா, விட்டுடுங்க," என்று அதிகாரி இரக்கத்தோடு சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனையும் பறிகொடுத்துவிட்டு, அவன் பதினோரு வருஷம் காப்பாற்றியதையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? அவளும் அதே வேலை பார்ப்பவள்தான். "நான் போறேன்," என்று எழுந்து வந்துவிட்டாள்.

கரையில் அலை மோதியது. ரப்பர் படகைப் பாறையில் அடிபடாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கீழே இருந்தே ஆகவேண்டும். போன வருஷமும் அங்கே இருந்தவன் கொழுந்தன்தான்.

"அன்னைக்கு மேல அண்ணன் யார்கூடவோ பேசிட்டிருந்தாரு, அண்ணி. என் காதால கேட்டேன்."

"நூறு தடவை சொல்லிட்ட."

"மேல அவரைத் தவிர யாருமே இல்ல."

"அதையும் சொல்லிட்ட. கயித்தை இறுக்கிப் பிடி."

அவள் கால்களில் பலகையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். அந்தச் சரிவில் வெறும் காலோடு நடக்க முடியாது. பறவைகள் மண்ணுக்குள் வளை தோண்டித் தோண்டி, தரை முழுக்கச் சொத்தைப் பல் மாதிரி உள்ளே வெற்றாகக் கிடந்தது. ஒவ்வொரு வளையின் வாசலிலும் எண் எழுதிய குச்சி நட்டிருந்தது.

வேலை எளிதானது. சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியை வளையின் வாயில் வைத்து, பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட வேண்டும். பிறகு அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். உள்ளே பறவை இருந்தால் பதில் குரல் கொடுக்கும். 'குடி உண்டு' என்று குறிக்கலாம். கொடுக்காவிட்டால் 'குடி இல்லை'. சந்தேகமாக ஏதாவது கேட்டால் தரையில் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தே தீரவேண்டும். ஒரு வளையை விட்டாலும் முழுத் தாளும் செல்லாது. அவள் புருஷன் இந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. ஒரே ஒருநாள் மீறியிருந்தால் இன்று வீட்டில் இருந்திருப்பான்.

பதிவு அவன் செய்ததுதான். பறவைக் குரலுக்கு முன்னால் அவன் குரலும் மூன்று சொல் பேசும். பக்கத்தில் தொணதொணத்துக்கொண்டிருந்த அவளைப் பார்த்து அன்று சொன்னது அது. 'சத்தம் போடாம கேளு.'

"அதை வெட்டிடட்டுமா அண்ணி? நூத்திருபது தடவை கேக்கணுமே," என்று கொழுந்தன் கேட்டபோது அவள்தான் வேண்டாம் என்றாள்.

எண்பத்தேழு வளைகள் எந்த வம்பும் இல்லாமல் முடிந்தன. அவற்றில் அறுபத்தொரு வளைகளில் குடி இருந்தது. இரண்டு பறவைகள் விரலைக் கடித்து ரத்தம் பார்த்தன. மதியம் ஆகியும் மூடுபனி விலகவில்லை, கீழே கடல் தெரியவில்லை.

எண்பத்தெட்டு.

பெட்டியை வைத்தாள். ஒலிக்கவிட்டாள். நிறுத்தினாள். கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். பத்து வினாடி. இருபது வினாடி.

"சத்தம் போடாம கேளு."

வளைக்குள்ளிருந்து வந்தது.

நிறுத்திய பெட்டி தானாக ஓடியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினாள்.

"வா."

அது பதிவில் இல்லாத சொல்.

கீழே பனிக்குள்ளிருந்து கொழுந்தன் கத்தினான். "அண்ணி! யார்கூட பேசுறீங்க?"

ஓடிவிடலாம். ஓடினால் முப்பத்துமூன்று கட்டங்கள் காலியாக நிற்கும். அதிகாரி மறுபடியும் இரக்கப்படுவார்.

அவள் குப்புறப் படுத்தாள். கையை உள்ளே விட்டாள்.

ஈர மண். வேர். உதிர்ந்த இறகுகள். முழங்கை போயிற்று, தோள் போயிற்று. கன்னம் தரையில் பதிந்தது. உள்ளே கூடு இருக்கவேண்டிய இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

விரல்கள் வந்து அவள் விரல்களைக் கோத்துக்கொண்டன.

ஐந்து விரல்கள்.

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததில்லை. பயத்தின் பின்னாலேயே, வழக்கம்போல், கோபமும் வந்து சேர்ந்தது.

"நீ அவர்னா என் பேரைச் சொல்லு."

வீட்டுக்குள் அவன் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தான். ஊருக்குத் தெரியாது, கொழுந்தனுக்கும் தெரியாது. அவன் போனபிறகு அவள் அதைத் தனக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

"வா," என்றது வளை. பிடி இறுகியது. அவள் நெஞ்சுக்குக் கீழே தரை ஓர் அங்குலம் தாழ்ந்தது.

"தெரியாதுல்ல? அவர் என்னை இப்படிக் குழைஞ்சு கூப்பிட்டதே இல்ல. 'எங்க போய்த் தொலைஞ்ச'ன்னுதான் கேப்பார். அவர் குரலைத் திருடிட்டா நீ அவராயிடுவியா?"

தரை மறுபடியும் தாழ்ந்தது. பலகை ஒன்று முறிந்தது.

"இன்னும் முப்பத்திரண்டு வளை பாக்கி இருக்கு. இது நான் எழுதுற கை. விடு!"

நகங்களை ஆழமாகப் பதித்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. இழுத்துக்கொண்டே, வாயில் வந்த வசவையெல்லாம் அந்த ஓட்டைக்குள் கொட்டினாள்.

பிடி விட்டது.

வெளியே வந்த கையின் கட்டைவிரலில் ஒரு மோதிரம் இருந்தது. அவன் மோதிரம். கல்யாணத்தன்று அவள் போட்டுவிட்டது.

அவள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அட்டையை எடுத்து, எண்பத்தெட்டுக்கு நேராக எழுதினாள்: குடி உண்டு.

பேட்டரிகளைப் போட்டாள். எண்பத்தொன்பதுக்கு நகர்ந்தாள். நூற்றிருபதையும் முடித்தாள். முடித்ததும் பேட்டரிகளைக் கழற்றி மறுபடியும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

மோதிரத்தைப் பார்த்ததும் கொழுந்தன் கயிற்றை விட்டுவிட்டுச் சரிவை நோக்கிப் பாய்ந்தான். அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். ஒரு கையில் அவன், இன்னொரு கையில் படகின் கயிறு.

"அண்ணன் உள்ள இருக்காரு. விடுங்க, அண்ணி!"

"உள்ள இருக்கிறது உங்க அண்ணன் இல்ல. அவருக்கு என் பேரு தெரியும். ஏறு படகுல."

அவன் குழந்தை மாதிரி அழுதுகொண்டே ஏறினான்.

மாலை நான்கு மணிக்குப் பாய் காற்றைப் பிடித்தது. தாள் நெகிழி உறைக்குள் பத்திரமாக இருந்தது. இனி யாரும் இந்தப் பாறையில் உளி வைக்க முடியாது. படகோட்டிக்குப் பேச்சு திரும்பியது, நாளைக்குக் காற்று எப்படியிருக்கும் என்று அளக்க ஆரம்பித்தார். தீவு பனிக்குள் மறைந்துகொண்டிருந்தது.

தளத்தில் அவள் காலடியில் ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தது. பேட்டரிகள் அவள் சட்டைப்பையில் இருந்தன.

"மொளகா," என்றது பெட்டி.

படகோட்டியின் பேச்சு பாதியில் நின்றது. கொழுந்தன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான். அவள் புருஷன் வீட்டுக்குள் அவளைக் கூப்பிட்ட பெயர் அது.

"இதை அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள். ஆனால் படகைத் திருப்பச் சொல்லவில்லை.

பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மோதிரம் போட்ட கட்டைவிரலை அதன் மூடிமேல் வைத்து அழுத்தினாள்.

"அடுத்த வருஷமும் நான்தான் வருவேன். கணக்கெடுக்க வருவேன், நீ கூப்பிட்டதுக்காக வரமாட்டேன். அதுவரைக்கும் சத்தம் போடாம கேளு."



பிறகு பெட்டி, "உம்," என்றது.