விளக்கு எரியுதா?

மாடி அறைக்கு அவள் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பழைய வீடு. கீழ்த்தளம் பூட்டியே கிடந்தது. ஒரு மேசை, ஒரு கணினி, இன்னும் பிரிக்காத பெட்டிகள். நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் தொழில். நாள் முழுக்க யார் யாரோ பேசுவதைக் கேட்பாள். அவளிடம் பேசத்தான் ஆளில்லை.

அன்று மதியத்திலிருந்தே மழை. பாதி வாக்கியத்தில் கணினி பொட்டென்று அணைந்தது.

அதன் இரைச்சல் நின்றதும் அறையின் அமைதி காதை அடைத்தது. பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். மூச்சுப் பேச்சில்லை. தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

காலையில் வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். வேறு ஊரில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும். அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் யார் இருப்பது என்று இருவருக்கும் இடையே வார்த்தை தடித்ததோடு பேச்சு நின்றிருந்தது. எத்தனையோ முறை அவன் எண்ணைத் தட்டி, அழைக்காமல் அழித்திருக்கிறாள். இன்று ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது.

"சொல்லுடி" என்றான் அண்ணன்.

"கம்ப்யூட்டர் திடீர்னு ஆஃப் ஆயிடுச்சுண்ணா. ஆன் ஆகவே மாட்டேங்குது."

சொல்ல நினைத்தது வேறு. தொழில் பேச்சு கிடைத்ததில் அவனுக்கும் நிம்மதி.

"கருகின வாடை வருதா?"

முகர்ந்து பார்த்தாள். "இல்ல. ஈர மண்ணு வாடை மாதிரி இருக்கு."

"மழைத்தண்ணி படுது போல. ஜன்னல சாத்து."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னான், உள்ளே தங்கிய மின்சாரம் இறங்கட்டும் என்று. பிறகு வேறு பிளக்பாயின்ட்டில் மாட்டிப் பார்க்கச் சொன்னான். பலனில்லை. "சரி, திரும்பப் பிடுங்கிட்டு, பக்கவாட்டு மூடியக் கழட்டு."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு அடியில் குனிந்தாள். மூடியை எடுத்தாள். உள்ளே தூசு படிந்த சின்ன விசிறி அசையாமல் நின்றது. ஆனாலும் அதன் பின்னாலிருந்து சில்லென்று ஏதோ அவள் முகத்தில் பட்டது. நின்றது. மறுபடியும் பட்டது.

யாரோ மூச்சு விடுவதைப் போல.

"இப்ப பிளக்க மாட்டு. உள்ள இருக்கற போர்டுல சின்னதா ஒரு பச்சை விளக்கு இருக்கும். எரியுதா?"

பிளக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"எரியுதுண்ணா."

அவள் வாயே திறக்கவில்லை.

குரல் மேசைமேலிருந்து வந்தது. குரல்களைக் கேட்டே பிழைப்பவள் அவள். அது அவளுடைய குரல்தான்.

"அப்பாடா" என்றான் அண்ணன்.

"அண்ணா, நான் சொல்லலண்ணா!" என்று கத்தினாள்.

அவனுக்குக் கேட்கவில்லை.

"உன்மேல எனக்குக் கோவம் இல்லண்ணா" என்றது மேசைமேலிருந்த குரல், மெதுவாக. "பேசணும்னுதான் இருந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

அவள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். ஒன்று மாறவில்லை.

அண்ணன் அழுவது கேட்டது. "எனக்கும்தான்டி" என்றான். "எனக்கும் தெரியல."

போனை எடுக்கக் கை நீட்டினாள். மேசைக்கு மேலே அந்தக் குளிர் மூச்சு அவள் விரல்களை வருடியது, பிரியமாக.

செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

எதிர்வரிசைத் தையல்கடையில் இருந்த அக்கா, நனைந்து நடுங்கும் அவளைப் பார்த்து எழுந்தே விட்டாள். "என்னம்மா ஆச்சு?"

"அக்கா, உங்க போனக் கொஞ்சம் குடுங்க."

அண்ணனின் செல்லில்தான் அது பேசிக்கொண்டிருக்கிறது. அவன் கடைப் போன் எண்ணைப் போட்டாள்; அதுவும் விரல்களுக்கே தெரியும். கடைசி மணியில் அண்ணன் எடுத்தான். "கடை லீவுங்க. நாளைக்கு வாங்க."

"அண்ணா, நான்தாண்ணா! அந்தப் போன வெச்சிடு!"

"யாருங்க?"

"என் குரல் தெரியலயா? உன் தங்கச்சிண்ணா!"

"ராங் நம்பருங்க. என் தங்கச்சி இன்னொரு போன்ல பேசிட்டிருக்கா. ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் மனசு விட்டுப் பேசறா. வெச்சிடுங்க."

அவன் வைப்பதற்குள், அவனுக்குப் பக்கத்திலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"யாருண்ணா அது?"

"தெரியலடி" என்றான். "யாரோ ஒரு பொண்ணு. அழறா, பாவம்."