ஓரம் நனைந்த பக்கங்கள்

கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நேற்று கடைசி வாடிக்கையாளர் போன பிறகு அவள் தன் கையாலேயே அடுக்கிவிட்டுப் போன புது வரவுகளில், எல்லாவற்றுக்கும் மேலே இருந்த புத்தகத்தின் கீழ்மூலை மட்டும் ஈரமாக இருந்தது.

தண்ணீர் ஈரம் இல்லை. தண்ணீர் பட்ட காகிதம் எப்படிச் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியாதா, ஏழு வருஷமாக இந்தக் கடையில் குப்பை கொட்டுகிறாள். இது விரல் நுனி அகலத்துக்கு, வழவழவென்று, பாதி காய்ந்து தோல் கட்டி, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகளோடு இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். கிராம்புத் தைலமும், இரவெல்லாம் கிண்ணத்தில் ஊறிய பல்செட்டும் கலந்த வாடை.

நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், பிள்ளைகளே. இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஈரம்தான். ஆனால் அந்த வாடை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆள் கடைப்பக்கம் வராமல் பத்து நாள் ஆகிறது என்பதும் தெரியும்.

ஊருக்கு ஊர் ஒரே பலகை, ஒரே பச்சைச் சட்டை, ஒரே குளிர், யாரும் கேட்காத ஒரே மெல்லிய இசை என்று நடத்தப்படும் கடைகளில் அதுவும் ஒன்று. எங்கோ இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து வரும் தாள்களை வாசித்துக் காட்டவே பிறந்தவர் மாதிரி இருந்த மேலாளருக்கு, ஊழியர்கள் வைத்த பெயர் 'சுற்றறிக்கை'. வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம், யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்பது அந்தத் தாள்களில் ஒன்று. அதற்காகவே மூலையில் ஒரு மெத்தை நாற்காலி போட்டிருந்தார்கள்.

அதில் ஒரு வருஷமாக அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்காரர் என்றால்தான் கடையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு புத்தகம் வாங்கியதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் வெள்ளை படிந்த தடித்த நாக்கை வெளியே நீட்டுவார். ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து, அவசரமே இல்லாமல் ஒரு உருட்டு உருட்டி எடுப்பார். விரலுக்கும் நாக்குக்கும் நடுவே ஒரு நூல் இழுபட்டு, அறுந்து, பக்கத்தின் மூலையில் விழும். புரட்டுவார். அவர் வைத்துவிட்டுப் போனதை எடுத்து அலமாரியில் செருகுவது அவள் வேலை. புத்தகங்களுக்குள் மனிதர்கள் எதையெதையோ விட்டுப்போவதை அவள் பார்த்திருக்கிறாள். நகத் துண்டு, பொடுகு, தேய்த்துக் காய்ந்த சளி, ஒருமுறை சீழோடு ஒரு பிளாஸ்திரி. எல்லாவற்றையும் முகம் சுளித்துத் துடைத்துவிட்டு மறந்திருக்கிறாள்.

மகளுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் மறக்க முடியாமல் போயிற்று. ஐந்து வயது. குடலில் ஏதோ தொற்று. இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோது விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. "இன்னொரு தடவை வந்தா குழந்தை தாங்காது. கையை வாயில வைக்க விடாதீங்க," என்றார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் விடிந்தால் அடைந்தால் அதே பேச்சுதான். விரலை வாயில் வைக்காதே. தூங்கும்போதுகூட அவள் மகளின் விரல்களைத் தடவிப் பார்த்தாள், உலர்ந்திருக்கிறதா என்று.

பத்து நாள் முன்னால் அவள் பொறுமை போய்விட்டது. நேரே நாற்காலியின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, எச்சில் தொட்டுப் புரட்டாதீங்க. குழந்தைங்க புழங்குற இடம் இது."

"இன்னும் முப்பது பக்கம்தாம்மா," என்றார் அவர். "முடிச்சிட்டுப் போயிடறேன்."

அவர் மடியிலிருந்த தடித்த நாவலை அவள் பிடுங்கினாள். கல்லாவுக்குக் கொண்டுபோய் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவர் பார்க்கவே சூட்டுக் காற்றை ஊதினாள். உறை சுருங்கிப் புத்தகத்தை இறுக்கிக்கொண்டது. அவர் ஈரமான விரலை உயர்த்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவள் அந்தப் புது வரவின் ஈர மூலையைத் துடைத்துவிட்டு, கல்லாவில் பணம் வாங்கும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து விலைச் சீட்டு ஒட்டத் தொடங்கினாள்.

"உனக்கு விஷயம் தெரியுமா? நம்ம நாற்காலிக்காரர் போயிட்டாராம்."

"எங்கக்கா?"

"எங்கயா? கேக்குறா பாரு கேள்வி! மேலதான்." அக்கா கூரையைக் காட்டினாள். "நேத்து நீ சாப்பிடப் போனப்ப மகன் வந்தான். அப்பாவோட உறுப்பினர் அட்டையை ரத்து பண்ணணுமாம். ஒரு பென்சில்கூட வாங்காத மனுஷன், அதுக்கு ஒரு அட்டை, அதுக்கு ஒரு ரத்து! ரத்து பண்ற ஃபாரம் எங்கன்னு தேடி நம்ம சுற்றறிக்கை அரை மணி நேரம் மேசைக்கு அடியில கிடந்துச்சு."

"எப்பக்கா போனாரு?"

"நீ சண்டை போட்டியே, அன்னைக்கே. கடைசி வரைக்கும் விரலால காத்துல எதையோ புரட்டிக்கிட்டே இருந்தாராம், பாவம்."

அவள் எழுந்தாள். அந்த நாவல் அன்று அவள் அலமாரியில் வைத்த இடத்திலேயே இருந்தது. உறை கிழியவில்லை. ஆனால் உள்பக்கம், யாரோ வாயைத் திறந்து ஊதிய கண்ணாடி மாதிரி மங்கிப்போயிருந்தது. கத்தியால் கீறினாள். வெதுவெதுப்பாகக் கிராம்பு வாடை முகத்தில் அடித்தது. கடைசி முப்பது பக்கங்களின் மூலைகள் ஊறி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது சவ்வு கிழிகிற சத்தம் கேட்டது. கடைசிப் பக்கம் வரை ஈரம்.

படித்து முடித்துவிட்டார்.

பக்கத்து அலமாரியில் ஒன்று. பயண நூல். மூலையில் காய்ந்த மஞ்சள் தழும்பு. அடுத்ததில் சமையல், இன்னும் பிசுபிசுப்பு. அப்புறம் முன் மேசை. அதைத் தாண்டி குழந்தைகள் பகுதி. மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு. போகப் போக ஈரம் அதிகம். கீழ்த் தட்டில் சொட்டிக்கொண்டே இருந்தது. அங்கே ஒரு புத்தகம் இருந்த இடம் காலி.

அந்த இடத்திலிருந்த புத்தகத்தை எடுத்தது அவள்தான். நேற்று மாலை. மகளுக்கு. யார் கையும் படாத புதுசாகப் பொறுக்கி, வழியில் தூசுகூடப் படக் கூடாதென்று தானே உறை போட்டு, பையில் வைத்துக் கொண்டுபோனாள்.

கல்லாவுக்குத் திரும்பினாள். வேறொன்றும் நினைக்கக் கூடாதென்று விட்ட வேலையைக் கையில் எடுத்தாள். விலைச் சீட்டு பிரிய மறுத்தது. விரலை நாக்கில் வைத்தாள்.

கிராம்பு.

விரலைப் பார்த்தாள். நாக்கிலிருந்து ஒரு நூல். இழுபட்டது. அறுந்தது.

ஏழு வருஷப் பழக்கம். ஒரு நாளைக்கு நூறு தடவை. மற்றவர் எச்சிலைக் கண்டால் குமட்டுகிறவளுக்குத் தன் எச்சில் எச்சிலாகவே தோன்றியதில்லை. நேற்று அந்தப் பிளாஸ்டிக் உறையின் வாய் பிரியவில்லை. அப்போதும் விரலை நாக்கில் வைத்தாள். தொட்டுப் பிரித்தாள். அதே விரலால் மகளின் படப் புத்தகத்தை உள்ளே தள்ளினாள்.

குப்பைக்கூடையில் குனிந்து வாந்தி எடுத்தாள். வாந்தியிலும் அதே வாடை.

"என்னடி, விசேஷமா?" என்று அக்கா சிரித்தது முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கதவைத் திறந்தது நாத்தனார். "என்ன அண்ணி, இவ்வளவு சீக்கிரம்? முகமெல்லாம் வெளுத்திருக்கு."

"குழந்தை எங்க?"

"உள்ளதான். காலையிலேர்ந்து நீங்க வாங்கிட்டு வந்த புத்தகம்தான் கையில. சத்தமே இல்ல, அவ்வளவு சமத்து. விரலை வாயில வைக்கல அண்ணி, நான் பார்த்துட்டேதான் இருக்கேன்."

அறை. காலை வெயில் ஜன்னலில். கிராம்பு.

மகள் கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள், யாருக்கோ இடம் விட்டவள் மாதிரி. அந்தப் பக்கம் மெத்தை அமுங்கியிருந்தது. மடியில் படப் புத்தகம்.

"கண்ணு." அவள் கட்டிலை நெருங்கினாள். "விரலை வாயில வச்சியா?"

"இல்லம்மா. நீ சொன்னியே. நான் வைக்கவே இல்ல." மகள் தலை தூக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பக்கம்தாம்மா. முடிச்சிட்டு வந்துடறோம்."

மகள் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தாள். ஆள்காட்டி விரலை நீட்டினாள். தன் வாய்க்கு இல்லை. பக்கத்தில். வெற்றுக் காற்றில். உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய ஆளின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில்.

காத்திருந்தாள்.

சின்ன விரல் நுனியில் ஈரம் ஏறியது. முதல் கணு வரை. அவசரமே இல்லாமல், ஒரு உருட்டு. மகள் விரலை இழுத்துக்கொண்டபோது காற்றிலிருந்து ஒரு நூல் கூடவே வந்தது, நீண்டது, அறுந்து பக்கத்தின் மூலையில் விழுந்தது.

மகள் புரட்டினாள்.