மூன்றாம் ஓலை

ஞாயிறு காலை எட்டு மணி. தேரிக்குப்பம் ஆலயக் கோபுரத்தில் எண் ஒளிர்ந்தது: 38.

எப்சிபா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். நேற்று 61.

அது வருகைக்கணி. பூமியதிர்ச்சி, பஞ்சம், யுத்தச் செய்தி என்று வேதம் சொன்ன அடையாளங்களைத் திரட்டி, ஆண்டவர் வர இன்னும் எத்தனை நாள் என்று கணிக்கும் எந்திரம். 2090-ல் ஊருக்கு ஒன்று வந்துவிட்டது. உள்ளூர்ச் செய்திக்கு அது தரும் எடை அதிகம். எண் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் புது வீடு, கல்யாணம் எதுவும் கூடாது. திருச்சபைச் சட்டம்.

கல்யாணம் என்றால் ஓலையை, அதாவது மணமக்கள் பேரைச் சொல்லும் அறிவிப்பை, மூன்று ஞாயிறு ஆலயத்தில் வாசிக்க வேண்டும். இதற்கு முன் எப்சிபாவுக்கும் ஆசீர்வாதத்துக்கும் நான்கு முறை இரண்டு ஓலை வாசித்தாயிற்று. நான்கு முறையும் மூன்றாம் ஞாயிறன்று எண் விழுந்தது. பிறகு சாவகாசமாக ஏறிக்கொண்டது. இன்று ஐந்தாம் முறையின் மூன்றாம் ஞாயிறு. எந்திரம் வந்த ஐந்து வருஷமாக ஊரில் யாருக்குமே கல்யாணம் இல்லை. அதையும் கடைசி நாட்களின் அடையாளம் என்றே ஆலயத்துப் போதகர் ஜெபத்துரை ஐயர் பிரசங்கித்தார்.

“என் மூஞ்சியைப் பாத்தாலே ஆண்டவருக்கு அவசரம் வந்துருது,” என்றான் ஆசீர்வாதம். “வேற பொண்ணு பாக்கவா?”

“பாருங்களேன். அவளுக்கும்தான் எண் விழும்.”

சொன்னவள் சட்டென்று நின்றாள். அவளுக்கும் விழுமா? ஏன்?

எந்திரத்தைப் பராமரிப்பவள் அவள்தான். கோபுரப் படிகளில் ஓடினாள். இதுவரை திறக்கத் தோன்றாத அடையாளப் பட்டியலில் அன்றைய பக்கத்தைத் திறந்தாள். முதல் வரி: தேரிக்குப்பம், ஓலை வாசிப்பு, இரண்டு முடிந்தது; மூன்றாவது இன்று.

நோவாவின் காலத்தில் ஜனங்கள் கல்யாணம் செய்துகொண்டிருந்தபோதுதானே வெள்ளம் வந்தது! கடைசி நாளும் அப்படித்தான் என்ற வசனத்தை எந்திரம் அப்படியே விழுங்கியிருந்தது.

அவள் இறங்கி ஓடிவந்து சொன்னதைக் கேட்டுவிட்டு ஐயர் தாடியைத் தடவினார். “அதுவும் வேதத்துல உள்ள அடையாளந்தானேம்மா. அழிக்க நான் யாரு?”

“அழிக்க வேண்டாம் ஐயா. பயப்படாம வாசிங்க, போதும். வர்றது போலீஸா? நம்ம ஆண்டவர்தானே?”

ஐயர் திருச்சபைச் சட்டப் புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு பீடமேறி மூன்றாம் ஓலையை வாசித்தார்.

பீடத்துக்கு மேலிருந்த பலகையில் எண் 12.

ஒருவரும் ஓடவில்லை. பின்வரிசையில் ஒரு ஜோடி எழுந்து தங்கள் ஓலையை நீட்டியது. ஐயர் அதையும் வாசித்தார். அப்புறம் இன்னொரு ஜோடி. அடுத்து, தலை நரைத்த ஒரு ஜோடி வெட்கத்தோடு. எண் 1.

ஆலயமே அண்ணாந்து அதைப் பார்த்தது. ஆசீர்வாதம் எப்சிபாவின் காதருகே குனிந்தான்.

“நாளைக்கே தாலி கட்டிருவோம். பந்திக்கு முந்நூறு இலை சொல்லுதேன். போதுமா?”

“ஒரு இலை கூடுதலாச் சொல்லுங்க,” என்றாள் அவள். “ஆண்டவர் வந்துட்டார்னா அவரை நிக்க வைக்கவா முடியும்?”